மண்ணா, கண்ணா: பிரெய்ல் நோட்டேக்கரையும் கைப்பேசியையும் எதுவரை நம்பலாம்?

பிரெய்லில் ‘ம’ எழுத மூன்று புள்ளிகள் வேண்டும்: 1, 3, 4. ‘க’வுக்கு 1, 3 போதும். மின்னணு பிரெய்ல் கருவியின் வரிசையில், எழுத்தொன்று அமரும் ஒரே ஒரு செல்லில் நான்காம் புள்ளியின் ஊசி எழாமல் போனால், அந்த இடத்தில் வந்து விழும் ‘மண்’ விரலுக்குக் ‘கண்’ ஆகிறது. ‘மடல்’ ‘கடல்’ ஆகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தமிழ் பிரெய்லில் தனியொரு செல் உண்டு. அதில் இருப்பது நான்காம் புள்ளி மட்டுமே. அது எழாவிட்டால் சொல்லின் நடுவே வெற்றிடம் விழுந்து, ஒரு சொல் இரண்டாகப் பிரிகிறது. எழுத்தில் வரும் பிழையைப் பழகிய விரல் சமாளித்துவிடும். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் கைகொடுக்கும். எண்ணுக்கு அந்த உதவி கிடையாது. நான்காம் புள்ளி எழாவிட்டால் 3 என்பது 1 ஆகும், 4 என்பது 5 ஆகும், 6 என்பது 2 ஆகும், 7 என்பது 8 ஆகும். ஒவ்வொன்றும் முழுமையான, சந்தேகமே எழுப்பாத எண்.

இது எனக்கு நடந்தது. அலுவலகக் கூட்டமொன்றில் 7 லட்சம் என்று இருந்ததை 8 லட்சம் என்று உரக்க வாசித்தேன். எதிரில் இருந்தவர் திருத்தினார். நான் அவர்தான் தவறு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வரியை ஒரு செல் தள்ளிவைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, பதினொன்றாவது செல்லில் ஓர் ஊசி செத்துக் கிடக்கிறது என்று. எத்தனை நாளாக அப்படி இருந்தது, அதற்குள் எத்தனை எண்களை அந்தச் செல்லில் படித்தேன் என்ற கணக்கு இன்றுவரை என்னிடம் இல்லை.

மும்பையின் செம்பூரிலும் தாராவியிலும் பார்வையற்ற பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நோட்டேக்கர் வாங்கித் தரலாமா, நல்ல போன் இருந்தாலே போதுமா?” இதற்குப் பெரும்பாலும் விலையை வைத்தே பதில் சொல்லப்படுகிறது. ஒரு பக்கம் 32 செல் கொண்ட வெளிநாட்டு நோட்டேக்கர், 5,000 டாலருக்கு மேல். இன்னொரு பக்கம் பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு போன். விலையை ஒதுக்கிவிட்டு, எது நம்மைக் கைவிடாது என்று பார்த்தால் விடை அத்தனை சுலபமாக வருவதில்லை. இரண்டும் கைவிடுகின்றன, கைவிடும் விதம் வேறு.

நோட்டேக்கர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு அல்லது எட்டு விசைகளும் ஓர் இடைவெளிப் பட்டையும் கொண்ட பிரெய்ல் விசைப்பலகை, அதன் கீழே ஊசிகள் எழுந்து அமரும் ஒரு வரிச் செல்கள், உள்ளே ஒரு கணினி. திரை தேவையில்லை. பொத்தானை அழுத்தியவுடன் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வகுப்பில் ஆசிரியரைக் காதால் கேட்டுக்கொண்டே, சத்தமில்லாமல் விரலால் குறிப்பெடுக்கலாம். அமெரிக்காவின் டெலிசென்சரி நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த வெர்சாபிரெய்ல் எழுத்தை ஒலிநாடா கேசட்டில் சேமித்தது. டீன் பிளேசி 1987-இல் உருவாக்கிய ‘பிரெய்ல் அண்ட் ஸ்பீக்’ கையடக்கமானது. பிரெய்லில் எழுதினால் பேசும். அதன் நினைவகம் மின்கலத்தை நம்பி உயிர்வாழ்ந்தது. மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் எழுதி வைத்ததும் சேர்ந்து போகும். 2000-இல் நியூசிலாந்திலிருந்து பிரெய்ல்நோட், அதன்பின் கொரியாவிலிருந்து பிரெய்ல்சென்ஸ் என்று வரிசை நீள்கிறது.

இவற்றின் இதயம் செல்தான். பீசோ வகைச் செல்லில் ஒவ்வொரு ஊசிக்கும் அடியில் பீங்கான் போன்ற பொருளாலான மெல்லிய பட்டை ஒன்று உண்டு. சுமார் 200 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் அது மயிரிழை அளவு வளைந்து ஊசியைத் தூக்கும். ஜெர்மனியின் மெட்டெக், ஜப்பானின் கே.ஜி.எஸ். போன்ற ஒருசில நிறுவனங்களே இதைச் செய்து உலகுக்கு விற்கின்றன. செல்லுக்கு எட்டு ஊசி, 32 செல்லுக்கு 256 ஊசி. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை எழுந்து விழுகிறது. நான் பயன்படுத்திய கருவியில் எட்டு ஆண்டுகளில் பழுதான ஊசிகள் இரண்டே இரண்டு. இயந்திரமாக நினைத்துப் பார்த்தால் வியக்கத்தக்க உழைப்பு அது.

ஆனால் அந்த ஊசிகள் நிற்பது திறந்த துளைகளில். விரலின் வியர்வை, எண்ணெய், தூசு எல்லாம் அந்தத் துளைகளின் வழியே கீழிறங்கும். மும்பையில் ஆண்டுக்கு எட்டு மாதம் கை வியர்க்கும். மீதி நாளில் மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை யாரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஜூலை மழைக்கே மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கைத்தடி ஒரு கையில், குடை ஒரு கையில், தோளில் தொங்கும் பையில் அரை லட்சமோ நான்கு லட்சமோ பெறும் கருவி. போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்சட்டைப் பைக்குள் செருகிவிடலாம். 2016 முதல் ஐபோன்கள் சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும்படி வருகின்றன. ஊசித் துளைகள் உள்ள கருவியை அப்படி அடைத்து மூட வழியில்லை. மூடினால் படிக்க முடியாது.

என் கருவியை எடுத்துக்கொண்டு முதலில் போனது தாராவி 90 அடி சாலைக்கு. அங்கே ஆறடி அகலக் கடையில் போன் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், என் போன்களை வருடக்கணக்காக உயிர்ப்பித்துத் தருபவர். கருவியை வாங்கித் தடவிப் பார்த்தார். “அண்ணாச்சி, கழட்டுறதுக்குப் பத்து நிமிசம் போதும். மாட்டுறதுக்குச் சாமான் வேணும்லா? இந்தச் செல்லு லாமிங்டன் ரோட்டுலயும் கிடைக்காது.” மும்பையின் அந்த மின்னணுச் சந்தையைப் பற்றி அவர் சொன்னது சரி. விற்ற நிறுவனத்தின் முகவர் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினேன். போக்குவரத்து, சுங்கம், மதிப்பீடு, மறுபடி சுங்கம் என்று நான்கரை மாதம் போயிற்று. கட்டணம் ஒரு நல்ல போனின் விலையைத் தாண்டியது. அதே ஆண்டில் என் போன் இரண்டு முறை கெட்டது: ஒருமுறை சார்ஜ் ஏறும் துளை, ஒருமுறை மின்கலம். இரண்டு முறையும் அதே கடையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

எத்தனை முறை கெடும் என்பதோடு, கெட்டபின் எத்தனை நாள் கையில் இருக்காது என்பதையும் சேர்த்துத்தான் நம்பகத்தை அளக்க வேண்டும் என்று அன்று முதல் நினைக்கிறேன். எட்டு ஆண்டில் ஒருமுறை கெட்டு நான்கரை மாதம் காணாமல் போகும் கருவி, மாணவர் ஒருவரின் ஒரு பருவத்தையே தின்றுவிடும். ஆண்டுக்கு இருமுறை கெட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பும் போன் யாருடைய தேர்வையும் கெடுக்காது.

போனுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. நமக்கு எது உயிர்நாடியோ அது மற்றவர்களுக்குப் பொருட்டில்லை. மற்றவர்களுக்கு உயிர்நாடி நமக்குப் பொருட்டில்லை. கீழே விழுந்து திரை இருண்டுபோன போனைப் பார்வையுள்ளவர் தூக்கி வைத்துவிடுவார். தொடுபரப்பு வேலை செய்யும்வரை, ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக் பேசும்வரை, எனக்கு அது முழுப் போன். அப்படி ஒன்றை ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன். மாறாக, ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கினால் மற்றவர்கள் பல நாள் கவனிக்கவே மாட்டார்கள். எனக்கு அன்றே எழுத்து மங்கிவிட்டது. கடைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. “திரை நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பார்கள்.

போனின் உண்மையான பலவீனம் வன்பொருளில் இல்லை. நாம் தூங்கும்போது வேறொருவர் அதை மாற்றிவிடுகிறார். நேற்றுவரை ‘பணம் அனுப்பு’ என்று பேசிய பொத்தான், செயலி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று பேசும். வங்கிச் செயலியில் இப்படி நேர்ந்தால், போன் உடையவில்லை, ஆனால் பணம் அனுப்ப முடியவில்லை. பழுதுபார்க்கும் தம்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய பாணி நோட்டேக்கரில் இந்த ஆபத்து இல்லை. அதில் இருப்பவை எழுதும் பலகை, நாட்காட்டி, கணக்குப்பொறி, புத்தகம் படிக்கும் செயலி. பத்தாண்டு கழிந்தும் அதே இடத்தில் அதே விசை.

நோட்டேக்கர்களும் ஆண்ட்ராய்டுக்கு மாறியபின் அந்த நிம்மதியும் குறைந்தது. 2016-இல் வந்த பிரெய்ல்நோட் டச் ஆண்ட்ராய்டு 4.4-இல் ஓடியது. அப்போதே அது மூன்றாண்டுப் பழைய பதிப்பு. 2023-இல் கூகுள் அந்தப் பதிப்புக்கான பிளே சேவைகளை நிறுத்தியது. செல்கள் நன்றாக இருக்கலாம், விசைகள் புதிதாக இருக்கலாம். அதிலிருக்கும் செயலிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும். பெரிய விலை கொடுத்து வாங்கிய கருவி மலிவுப் போனைவிட வேகமாக முதுமை அடைவதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிறிய சந்தை, சில ஆயிரம் பயனாளர்கள், ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டிய செலவு என்று காரணங்கள் புரிகின்றன. புரிவதால் என் பை நிறைந்துவிடாது.

இதனால் பலரும் இப்போது வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். மூளைக்குப் போன், விரலுக்கு மலிவான 20 செல் பிரெய்ல் வரிசை. இரண்டும் புளூடூத்தில் பேசிக்கொள்ளும். ஒன்று கெட்டால் மற்றது நிற்கும். ஐபோனில் இது பல ஆண்டுகளாக உண்டு. ஆண்ட்ராய்டில் 2022-இல்தான் பிரெய்ல் வரிசைக்கான ஆதரவு டாக்பேக்கின் உள்ளேயே வந்தது. அதற்குமுன் தனிச் செயலி வேண்டும். இணைப்பு அறுந்து அறுந்து வருவது இந்த ஏற்பாட்டின் தொல்லை. நெரிசல் நேர ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டு இரண்டு கருவிகளைச் சமாதானப்படுத்துவது லேசான வேலை அல்ல. ஆனாலும் ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைத்த காலத்துக்குத் திரும்ப நான் தயாரில்லை.

மலிவான வரிசைகள் வந்த கதையில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கேயே உருவான இன்னோவிஷன் நிறுவனத்தின் ‘பிரெய்ல் மீ’ 20 செல், ஆறு புள்ளி. பீசோ பட்டைகளுக்குப் பதிலாகக் காந்த விசையால் ஊசிகளை நகர்த்துகிறது. அமெரிக்காவில் பாஸ்டனின் நேஷனல் பிரெய்ல் பிரஸ் அதை விற்றது; விலை 500 டாலரை ஒட்டி. டெல்லி ஐ.ஐ.டி.யின் அசிஸ்டெக் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட டாட்புக், சூடேறினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கம்பியைக் கொண்டு ஊசியை இயக்குகிறது. உலக அளவில் பல பார்வையற்றோர் அமைப்புகள் கூடிப் பணம் போட்டு உருவாக்கச் செய்த ஆர்பிட் ரீடர் 20 இன்னொரு வழியைப் பிடித்தது: எழுந்த ஊசி பூட்டிக்கொள்ளும், அழுத்தினால் அமிழாது. காகித பிரெய்லைத் தொடுவது போன்ற உறுதி. வரி மாறும்போது சரசரவென்று சத்தம் வரும், பீசோவைவிட மெதுவாக மாறும். மின்கலத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம், புத்தகங்கள் எஸ்.டி. கார்டில். வேகமாகப் படிப்பவருக்கு இந்த மெதுவு எரிச்சல் தரும். தமிழ் நாவலொன்றை நிதானமாகப் படிக்க எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த மூன்றிலும் என்னை ஈர்ப்பது விலையைவிட, பழுதுபார்க்கும் தூரம் குறையக்கூடும் என்ற வாய்ப்பு. அதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951 முதல் அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளி தயாரித்த பெர்கின்ஸ் பிரெய்லரை, வேலூரை அடுத்த காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் பூட்டி உருவாக்கியது. கிட்டத்தட்ட ஐந்து கிலோ எடை, முழுக்க இரும்பும் அலுமினியமும், மின்சாரம் வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்தால் அதை மாற்றத் தெரிந்த கைகள் காட்பாடியில் இருந்தன. ஒரு பிரெய்லர் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்ததென்றால் அதன் உலோகத்துக்கு எவ்வளவு பங்கோ அந்தக் கைகளுக்கும் அவ்வளவு பங்கு. மின்னணு செல்லுக்கு அப்படி ஒரு காட்பாடி இன்னும் அமையவில்லை. அரசு 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘ஏடிப்’ திட்டத்தில் கருவிகளை வழங்கி வருகிறது. பிரெய்ல் கருவி வாங்கும்போது ஐம்பது கருவிக்கு இத்தனை உதிரிச் செல், மும்பையிலும் சென்னையிலும் செல் மாற்றத் தெரிந்த இத்தனை பேர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். செல்லைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி வடிவமைக்க முடியும். 90 அடி சாலைத் தம்பிக்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

சரி, போன் பேசுகிறதே, விரல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தமிழை ஒலிக்கும் குரல்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. இலவசம், அதனோடு வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். ஆனால் ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றையும் வேகமாக ஓட்டினால் என் காது பிரிப்பதில்லை. ‘மனம்’, ‘மணம்’ அப்படியே. பிரெய்லில் ல 1-2-3, ள 4-5-6, ழ 1-2-3-5-6. விரலடியில் மூன்றும் மூன்று ஊர். பத்து வயதில் காதை மட்டும் நம்பிப் படித்த பிள்ளை பதினெட்டு வயதில் எழுதும் கடிதத்தில் இது தெரியும். குறை பிள்ளையுடையது அல்ல. அதன் விரலுக்குச் சொல் போய்ச் சேரவே இல்லை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரம் என்றே சொல்வேன். பள்ளியில் மராத்தி ‘க’ படித்த விரலுக்குத் தமிழ் ‘க’ புதிதல்ல, இரண்டும் 1-3. எழுத்து வடிவம் தெரியாமலேயே வீட்டு மொழியைப் படிக்கத் தொடங்கிவிடலாம். மாட்டுங்காவை அடுத்த தாதரில் உள்ள, 1900-இல் ஆனா மில்லர்ட் தொடங்கிய பள்ளி போன்ற இடங்களில் சிலேட்டும் எழுத்தாணியும் இன்னமும் முதல் பாடமாக இருப்பது சரியானதே.

பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு. மும்பையில் பெரோஸ் வச்சா 1977-இல் நிறுவிய ஹெலன் கெல்லர் நிறுவனம் அத்தகையவர்களுக்காகவும் இயங்குகிறது. அவர்களுக்குப் பேசும் போன் வெறும் கண்ணாடித் துண்டு. போனுக்குள் இருக்கும் உலகம் ஊசிகளின் வழியாக மட்டுமே வரும். அந்த ஒரு வரி கெட்டால் செய்தியும் உறவும் மருத்துவரும் ஒருசேர நின்றுபோவார்கள். அவர்களுக்குக் கருவி கொடுக்கும்போது இரண்டாகக் கொடுக்க வேண்டும். இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது.

போன் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலி, கேமராவின் முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். ரயில் நேரம், வாடகை வண்டி, மருந்துப் பெட்டியின் எழுத்து எதற்கும் நோட்டேக்கரை நம்பி நிற்க முடியாது. 2016 முதல் இயங்கும் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்திலிருந்து புத்தகத்தை இறக்குவதும் போனில்தான் எளிது. இறக்கியபின் படிக்க விரலுக்குக் கொடுத்துவிடுவேன்.

பெற்றோரிடம் நான் சொல்வது இது. பத்து வயதுவரை சிலேட்டும் பிரெய்லரும். அதன்பின் 20 செல் வரிசையும் ஒரு சாதாரணப் போனும். நோட்டேக்கரை, வேலைக்குப் போய், கூட்டங்களில் அமர்ந்து, நாளெல்லாம் எழுதவும் படிக்கவும் வேண்டியவருக்கு விடலாம். அவரும் இரண்டாவது வழி ஒன்றை வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். வாங்குமுன் வொர்லியில் தேசியப் பார்வையற்றோர் சங்கத்துக்கோ, தூய சேவியர் கல்லூரியில் 2003 முதல் இயங்கும் வள மையத்துக்கோ பிள்ளையோடு சென்று கேளுங்கள். கிடைக்கும் கருவிகளைத் தொட்டுப் பாருங்கள். விற்பவரிடம் ஒரே கேள்வி: செல் கெட்டால் எந்த ஊரில் மாற்றுவீர்கள், எத்தனை நாளில்? எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேர்வு எழுதுபவர்களுக்கு இன்னொன்று. 2018 ஆகஸ்டில் சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், பிரெய்லிலோ கணினியிலோ எழுதும் விருப்பத்தை இயன்றவரை தேர்வருக்கே விடச் சொன்னன. கணினியில் எழுதுபவர் முதல்நாளே அதைச் சரிபார்த்துக்கொள்ளவும் இடம் தந்தன. அப்படி ஒரு முதல்நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், பிரெய்ல் வரிசையையும் சோதியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஆறு புள்ளிகளையும் சேர்த்து அழுத்தி வரி முழுவதும் நிரப்புங்கள். விரலை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினால் எழாத ஊசி பள்ளமாகத் தட்டுப்படும். அடுத்து வெற்று வரி ஒன்றுக்குப் போங்கள்; அங்கே விழாத ஊசி முள்ளாக நிற்கும். அந்தச் செல் எத்தனையாவது என்று எண்ணி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தச் செல்லில் எண் ஏதேனும் வந்தால் வரியை ஒன்று தள்ளி இன்னொரு முறை படியுங்கள்.